மிஸ்வாக்கைப் பற்றி ஆய்வுகள் சொன்னதும் சொல்லாததும்

(ஜும்ஆ உரை)





நம் பள்ளிவாசல்களின் வாயிலில் தொப்பி, அத்தர், தஸ்பீஹ் மணிகளோடு மிஸ்வாக் குச்சிகளும் விற்கப்படுவதைக் காண்கிறீர்கள். ஹஜ், உம்ரா சென்று திரும்புவோர் ஸம்ஸம் நீருடனும் பேரீச்சம்பழத்துடனும் மிஸ்வாக் கட்டுகளையும் கொண்டு வந்து உறவினர்களுக்குப் பங்கிடுகின்றனர். அக்குச்சிகளுடன் சேர்ந்து சில பேச்சுகளும் பரவி வருகின்றன. மிஸ்வாக்கில் எழுபது பயன்கள் உண்டு என்கிறார்கள். அது எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும், பல் மருத்துவரிடம் செல்லவே தேவையில்லை, மேல்நாட்டு விஞ்ஞானிகளே இதை நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்கள். முன்பு துண்டுப் பிரசுரங்களில் வந்தவை இன்று கைப்பேசிக்கே வந்து சேருகின்றன.

அந்த விஞ்ஞானிகள் யார்? எதைச் சோதித்தார்கள்? எவ்வாறு சோதித்தார்கள்? கண்டது என்ன? இப்படிக் கேட்டால், செய்தியை அனுப்பியவருக்கு விடை தெரிவதில்லை. நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக எவரேனும் ஒன்றைக் கூறினால், அதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று தொடராகக் கேட்டு, ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட்டுப் பார்த்த இமாம்களின் சமுதாயம் நாம். அந்தச் சமுதாயத்திற்கு, யார் செய்தார்கள் என்றே தெரியாத ஆய்வுகளைப் பரப்புவது அழகன்று. ஆகவே இன்று அந்த ஆய்வுகளைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வது அவசியம். மிஸ்வாக் நமக்கு ஸுன்னத் ஆனது ஆய்வகத்தின் சிபாரிசினால் அன்று. தம் சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையென்றால் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நவின்றதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. அன்னாரின் இறுதி நேரத்தில், ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார். நபியவர்களின் பார்வை அதன் மீது பதிந்தது. அவர்கள் அதனை விரும்புவதை உணர்ந்த ஆயிஷா (ரலி), அக்குச்சியை வாங்கித் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். அன்னார் பல் துலக்கினார்கள். மென்று மிருதுவாக்கிக் கொடுத்த அந்தச் செயலை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

இந்தக் குச்சிகளைத் தரும் மரத்தை அரபு மொழியில் அராக் என்பர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அராக் மரத்தில் மிஸ்வாக் குச்சி ஒடித்துக் கொண்டிருந்தபோது, காற்று ஆடையை விலக்க, அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். மறுமைத் தராசில் அக்கால்கள் உஹுது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த சம்பவம் முஸ்னத் அஹ்மதில் உள்ளது. யாரும் நட்டு நீர் பாய்ச்சி வளர்த்த மரமன்று அது. மணலிலும் உவர்நிலத்திலும் தானே முளைத்து நிற்கும் காட்டு மரம். நம் தமிழில் அதற்கு உகா என்று பெயர். சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வரும் உகாய் இதுவே. தமிழகக் கடலோரத்து உவர்நிலங்களிலும் அது வளர்கிறது. சால்வடோரா பெர்சிகா என்பது அதன் தாவரவியல் பெயர். நாம் வாங்கும் குச்சிகளில் பெரும்பாலானவை அதன் வேர்கள்.

கடற்பாசியும் ஆய்வகத் தட்டும்

ஒரு செடிக்குக் கிருமியை அழிக்கும் ஆற்றல் உண்டா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? இது நம் இல்லத்துப் பெண்களுக்கு எளிதில் விளங்கும். ரமளான் மாதத்தில் நோன்பு திறக்க நாம் காய்ச்சும் கடற்பாசி இருக்கிறதல்லவா, அதே பொருள்தான் ஆய்வகத்தில் அகர் எனப்படுகிறது. நம் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பெண்கள் நீரில் மூழ்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. இதை ஆய்வகத்திற்குள் கொண்டு சென்றதும் ஓர் இல்லத்தரசியே. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் பேரறிஞரின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமிகளை வளர்த்து வந்தனர். வெப்பம் கூடினால் அது உருகிவிடும். அங்கே பணியாற்றிய மருத்துவர் வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்படுத்திய அகரை எடுத்துக் கொடுத்தார். ஜாவாத் தீவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்றிருந்த பக்குவம் அது. 1881ஆம் ஆண்டு நடந்த அந்தச் சிறு உதவியின் மீதுதான் இன்றுவரை உலகின் நுண்ணுயிர் ஆய்வகங்கள் நிற்கின்றன. பெண்களின் அடுக்களை அறிவை இளக்காரமாகப் பேசுவோர் இதைத் தெரிந்து கொள்ளட்டும்.

கிருமிகளுக்கு வேண்டிய சத்துகளைக் கலந்து காய்ச்சிய அகரை வட்டத் தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். அதன் மேல் ஒரே வகைக் கிருமியைச் சீராகப் பூசுவார்கள். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காகித வில்லையில் செடியின் சாற்றை ஊறவைத்து அதன் மேல் வைப்பார்கள். பிறகு நம் உடலின் சூட்டுக்கு நிகரான வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருப்பார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமிகள் வெண்படலமாகப் படர்ந்திருக்கும். சாற்றுக்கு ஆற்றல் இருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் படலம் இல்லாமல் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் அகலத்தை அளப்பார்கள்.

இவ்வளவு எளிதானதா என்று தோன்றும். இதில் ஏமாறுவதும் எளிது. இலையின் சாற்றை ஆல்கஹாலில் இறக்கினால் அந்த ஆல்கஹாலே கிருமியைக் கொல்லும். பெயர் இலைக்குப் போய்விடும். எனவே நேர்மையான ஆய்வாளர் அதே தட்டில், வெறும் கரைப்பானை மட்டும் ஊறவைத்த வில்லை ஒன்றையும், பலன் ஏற்கனவே அறியப்பட்ட மருந்து வில்லை ஒன்றையும் வைப்பார். அவ்விரண்டோடும் ஒப்பிடாத வட்டம் சாட்சி இல்லாத வழக்கைப் போன்றது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் அகரில் எளிதில் பரவாது. ஆற்றல் இருந்தும் வட்டம் சிறிதாகவே தெரியும். ஆகவே வட்டத்தோடு நிறுத்தாமல், சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த மிகக் குறைந்த அளவில் கிருமியின் வளர்ச்சி நிற்கிறது என்பதையும் காண்பார்கள். பலன் தெரிய ஒரு பொருள் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதில்தான் அது மருந்தாகுமா ஆகாதா என்பது பெரிதும் அடங்கியிருக்கிறது.

இனி மிஸ்வாக்கிற்கு வருவோம். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் சாறு இறக்கவில்லை. மிஸ்வாக் துண்டுகளை அப்படியே அகரில் பதித்தார்கள். வேறு தட்டுகளில் துண்டுகளைக் கிருமிகளின் மேல் படாதவாறு சற்று உயரத்தில் தொங்கவிட்டார்கள். தொடாமலேயே கீழேயிருந்த கிருமிகள் தடுக்கப்பட்டன! குச்சியிலிருந்து ஆவியாகிப் பரவும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது அதனால் விளங்கிற்று. அது எது என்று தேடியவர்கள், 2011ஆம் ஆண்டில் பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருளைச் சுட்டிக் காட்டினார்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கடுகின் நெடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பப்பாளி விதையை மென்றால் எழும் காரத்தில் இருப்பது இதே பொருள்.

இப்பொருள் முழுமையான வேரில் ஆயத்தமாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் மூலப்பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலுமாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. வேர் நசுங்கும்போது, அதாவது பல்லால் மெல்லும்போதுதான், இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. மிருதுவாகும் வரை மெல்லும் வழக்கத்தில் இத்தகைய நுட்பம் அடங்கியிருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

சொன்ன அளவோடு நிற்பது

சகோதரர்களே, இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, நிரூபணமாகிவிட்டது என்று தக்பீர் முழங்கிச் சென்றுவிடலாம். பலர் அவ்வாறுதான் செய்கிறார்கள். ஆனால் அதே ஆய்வுகள் வேறொன்றையும் கூறியுள்ளன.

மிஸ்வாக் எல்லாக் கிருமிகளையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. ஈறு நோயுடன் தொடர்புடைய கிருமிகளை அது வன்மையாகத் தாக்கிற்று. பற்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமியின் மீது அதன் பலன் குறைவாகவே இருந்தது. சொத்தையில் குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் வகையின் மீது அதைவிடவும் குறைவு. 2011ஆம் ஆண்டு ஆய்விலும் இதே பிரிவினை தெரிந்தது. கிராம் என்னும் அறிஞர் வகுத்த சாயச் சோதனையில் சாயத்தைத் தக்கவைக்காத கிருமிகளை அப்பொருள் விரைந்து கொன்றது. சாயத்தைத் தக்கவைக்கும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது, அல்லது ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே மிஸ்வாக் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று சொல்வது அந்த ஆய்வாளர்கள் மீது சுமத்தும் பொய்யாகும். ஸுன்னத்தைச் சிறப்பிக்கத்தானே சொல்கிறோம் என்பது சமாதானம் ஆகாது. நன்மையைத் தூண்டுவதற்காகவே ஹதீஸ்களைப் புனைந்தவர்களும் முற்காலத்தில் இதே சமாதானத்தைச் சொன்னார்கள். இமாம்கள் அதை ஏற்கவில்லை.

இந்தப் பொய்யின் விளைவைப் பிள்ளைகளின் வாயில் காணலாம். இனிப்பும் பிஸ்கட்டும் தின்று வளரும் இக்காலச் சிறுவர்களைத் தாக்குவது சொத்தை. மிஸ்வாக்கின் வலிமை குறைவாகத் தெரிந்த இடமும் அதுவே. புளூரைடு கலந்த பற்பசை சொத்தையைக் குறைக்கிறது என்பது மனிதர்களிடம் பலகாலம் சோதித்து நிலைநாட்டப்பட்ட உண்மை. பற்பசையே வேண்டாம், மிஸ்வாக் போதும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் தந்தை எந்த ஹதீஸையும் பின்பற்றவில்லை. இரண்டையும் செய்வதை எந்த மார்க்க நூல் தடுத்தது?

இன்னொரு செய்தியும் உண்டு. தட்டில் நடப்பதும் உடலில் நடப்பதும் ஒன்றல்ல. தட்டில் கிருமிக்கு ஒளிந்து கொள்ள இடமில்லை. வாயிலோ அது பற்களின் இடுக்கில் படலம் கட்டி, உமிழ்நீரின் ஓட்டத்திற்கு நடுவே வாழ்கிறது. இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கி.பி. 1037ஆம் ஆண்டு மறைந்த மாமேதை இப்னு ஸீனா, தம் அல்கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்துகளைச் சோதிப்பதற்கான நிபந்தனைகளை வகுத்துள்ளார். சோதிக்கும் மருந்தில் வேறெந்தத் தற்செயல் குணமும் கலந்திருக்கக் கூடாது; பல நோய்கள் சேர்ந்த உடலில் அன்றி ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும்; பலன் ஒருமுறை தெரிந்தால் போதாது, எப்போதுமோ பெரும்பாலுமோ தெரிய வேண்டும்; மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், ஏனெனில் விலங்கின் உடலில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பன அவற்றுள் சில. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை! வெறும் கரைப்பானையும் ஒரு வில்லையில் வைத்துப் பார்க்கும் இன்றைய ஆய்வாளர் அந்த முதல் நிபந்தனையைத்தான் தம் வழியில் நிறைவேற்றுகிறார்.

மிஸ்வாக்கை மனிதரிடம் சோதித்த ஆய்வும் உண்டு. 2003ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் சவூதி அரேபிய ஆண்கள் 15 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் சில வாரங்கள் மிஸ்வாக்கையும் சில வாரங்கள் பிரஷ்ஷையும் பயன்படுத்தினர். முறையாகப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தபின், பல்லில் படியும் படலத்தைக் குறைப்பதிலும் ஈறு வீக்கத்தைத் தணிப்பதிலும் மிஸ்வாக் பிரஷ்ஷிற்குக் குறையாத பலனைத் தந்தது. கற்றுக் கொடுத்தபின் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். 15 பேர் என்பது சிறு எண்ணிக்கை என்பதையும் மறக்க வேண்டாம். முன்பற்களை மட்டும் அழுத்தித் தேய்த்து, உட்புறத்தையும் கடைவாயையும் விட்டுவிடுவோருக்கு இப்பலன் கிட்டாது. மிஸ்வாக் பயன்படுத்துவோரிடம் ஈறு தேய்ந்து பின்வாங்குவது அதிகம் என்று கண்ட ஆய்வுகளும் உள்ளன.

வீட்டுக் கொல்லையிலுள்ள இலைகள்

மிஸ்வாக்கில் செய்யும் மிகை பெரும்பாலும் பல்லோடு போய்விடும். மற்றச் செடிகளில் அது உயிரையே கேட்கலாம்.

நம் வேலியோரம் தானே முளைக்கும் குப்பைமேனியை எடுத்துக் கொள்ளுங்கள். சொறி, சிரங்குக்கு அதன் இலையை மஞ்சளுடன் அரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். ஆய்வகத் தட்டில் அதன் சாறு சில கிருமிகளைத் தடுத்ததாக வெளியான ஆய்வுகள் பல. ஆனால் அதே இலையை உணவாக உட்கொண்ட சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கு ஆபத்து நேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990களில் பதிவு செய்தனர். அவர்களுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருந்தது. அக்குறைபாடு மலேரியா பரவியிருந்த நாடுகளில், அரபு நாடுகளிலும் நம் நாட்டிலும், பலருக்கு உண்டு. பெரும்பாலோர் தமக்கு அது இருப்பதை அறிவதே இல்லை. தட்டில் தெரியும் தெளிந்த வட்டம் இந்த ஆபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தட்டில் இருப்பது கிருமி மட்டுமே. மனித இரத்தம் அங்கே இல்லை.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத நிலையில் ஒருவர் மருத்துவம் பார்த்தால், அதனால் விளையும் கேட்டிற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், இப்னு மாஜா நூல்களில் வந்துள்ளது. இலை வைத்தியச் செய்திகளைக் கைப்பேசியில் கண்டதும் பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் சகோதரர்கள் இதை ஒருமுறை சிந்திக்கட்டும். அதைப் படித்து எங்கோ ஒரு தாய் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்லாமல் கஷாயம் காய்ச்சிக் கொண்டிருந்தால், அந்தப் பொறுப்பில் அனுப்பியவருக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் பாட்டி வைத்தியத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் நன்றி கெட்ட செயலே. மருந்து செய்து கொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு, செய்து கொள்ளுங்கள், அல்லாஹ் இறக்கிய நோய்க்கு நிவாரணமும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். இறக்கியிருக்கிறான் என்றால் அதைத் தேடுவது நம் வேலை. தேடியவர்கள் கண்டடைந்தும் இருக்கிறார்கள்.

சீனப் பெண் விஞ்ஞானி தூ யூயூவின் வரலாறு இதற்குச் சான்று. மலேரியாக் கிருமி பழைய மருந்துகளுக்கு அடங்க மறுத்த 1960களின் இறுதியில், அவரும் அவருடைய குழுவினரும் பழைய வைத்தியக் குறிப்புகளைத் தேடிச் செடிகளைச் சோதித்தனர். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்னும் வைத்தியரின் குறிப்பை அவர் மீண்டும் படித்தபோது, அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியவே சொல்லியிருக்கிறது என்பதைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று கருதி, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றை இறக்கினார். 1971ஆம் ஆண்டு அக்டோபரில் 191ஆம் எண்ணுள்ள சாறு எலிகளிடம் மலேரியாக் கிருமியை முற்றிலும் ஒழித்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே அதை அருந்திப் பாதுகாப்பானதா என்று பார்த்தார். அர்டிமிசினின் என்ற அம்மருந்து இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தச் செடி என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. எப்படி எடுப்பது என்பதில்தான் மருந்து இருந்தது.

ஆனால் இத்தகைய வெற்றி அரிது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று மருத்துவமனைகளில் தரப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் முக்கிய வகைகள் பூஞ்சைகளிலிருந்தும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தவை, அல்லது ஆய்வகத்தில் செய்யப்பட்டவை. அவற்றுள் செடியிலிருந்து வந்தது எதுவும் இல்லை. இதற்கான காரணங்களுள் ஒன்று அளவு. ஆன்டிபயாட்டிக் சில மைக்ரோகிராமில் செய்வதைச் செய்ய, செடிச் சாறு பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. அவ்வளவையும் இரத்தத்தில் செலுத்தினால் கிருமிக்கு முன் நோயாளி தளர்ந்துவிடக் கூடும்.

மற்றொரு காரணம் வியப்பூட்டுவது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறப் பொருளை, சீழ் உண்டாக்கும் கிருமியான ஸ்டாஃபிலோகாக்கஸ் தன் உடலிலிருந்து நீர் இறைப்பது போல வெளியே இறைத்துவிடும். அதே பெர்பெரினைக் கொண்ட அமெரிக்கக் காட்டுச் செடி ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டில் ஒன்றைக் கண்டனர். அந்த இறைக்கும் பொறியை அடைக்கும் வேறொரு பொருளும் அதே செடியில் இருந்தது. அந்தப் பொருளுக்குத் தனியே கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் கிருமி வீழ்கிறது. செடியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் கண்ணில் இது படாமலே போயிருக்கும். ஆகவே தட்டில் வட்டம் தெரியவில்லை என்பதாலேயே ஒரு செடியைப் பயனற்றது என்று தள்ளுவதும் அவசரமே.

இந்தத் தேடல் இன்று எவ்வளவு அவசரமானது என்பதை நம் குடும்பங்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு கணக்கிட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016ஆம் ஆண்டிலிருந்து பரவிய டைஃபாய்டு, வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அடங்கவில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும், ஐந்து நாள் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்தி மீதியை அடுத்த பிள்ளையின் காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதும் நம் வீடுகளில் நடக்காததா? இருக்கும் மருந்துகளை இப்படி வீணடித்துவிட்டு, காட்டுச் செடியில் புதுமருந்து வரும் என்று காத்திருப்பது தவக்குல் ஆகாது.

நம் குடும்பங்கள் இந்தத் தேடலுக்குச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்கள் அறிந்த பச்சிலை வைத்தியத்தை எழுதி வையுங்கள். இலையா, வேரா, பட்டையா, பறித்த மாதம் எது, பச்சையாகவா, காய்ந்ததா, காய்ச்சியதா, ஊறவைத்ததா, உள்ளுக்கா, மேல்பூச்சா, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் கடைகளில் இரண்டு மூன்று இனச் செடிகள் விற்கப்படுகின்றன. பூவோடும் காயோடும் ஒரு கிளையைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தி, பறித்த இடத்தையும் தேதியையும் குறித்து, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டினால் இனத்தைச் சொல்லிவிடுவார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்தில் இவ்வாறு உலர்த்திய தாவரங்களின் பெரும் காப்பகமே இருக்கிறது. உலர்ந்த அந்தக் கிளைதான் அந்த வைத்தியத்தின் ஸனது. அது இல்லாமல் செய்யப்பட்ட சோதனையில், எந்தச் செடியைச் சோதித்தார்கள் என்பதே பின்னால் வருவோருக்கு உறுதியாகத் தெரியாது.

இன்று அஸருக்கு உளூ செய்யும்போது மிஸ்வாக்கைக் கையில் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள் சொல்லி நிறைவு செய்கிறேன். காய்ந்து மாதக்கணக்கில் சட்டைப் பையில் கிடந்த குச்சியைவிடப் பசுமை மாறாத குச்சியில் அந்தக் காரம் மிகுதி. வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், கடித்தால் நாவில் சுறுசுறுவென்று ஏற வேண்டும். நுனித் தோலை அரை அங்குலம் சீவி, நீரில் நனைத்து, நார் பிரிந்து பிரஷ் போல ஆகும் வரை மெல்லுங்கள். ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் துலக்குங்கள். குறுக்கே அழுத்தித் தேய்க்க வேண்டாம். உட்புறத்தையும் கடைவாய்ப் பற்களையும் விட்டுவிடாதீர்கள். தேய்ந்து தளர்ந்த நாரை அவ்வப்போது வெட்டிவிட்டுப் புது நுனி எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் குச்சி இருக்கட்டும். உறங்கும் முன் பிள்ளைகளைப் புளூரைடு பற்பசை கொண்டு பல் துலக்கச் செய்யுங்கள். பல்லில் கருமையோ குழியோ கண்டால், அல்லது ஈறில் இரத்தம் கசிவது நில்லாவிட்டால், அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.